அடுப்பு அணையாமல் அடுப்படியை மாற்றுவது

அடுப்படியை மொத்தமாக இடித்துப் போட்டு ஒரே மூச்சில் புதிதாகக் கட்டும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. நெல் போட்ட பணம் கொஞ்சம், சீட்டு எடுத்த பணம் கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்புவது கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் காசு வரும் வீட்டில், மூன்று வேளையும் உலை கொதித்துக்கொண்டே இருக்க, அதே அடுப்படியை எப்படிக் கட்டம் கட்டமாகச் சரிசெய்வது என்பதுதான் இங்கே பேச்சு. நான் கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். பழைய ஓட்டு வீடு. கூடம், முற்றம், தாழ்வாரம் எல்லாம் தாண்டி, கொல்லையை ஒட்டி இருட்டாக ஓர் அடுப்படி. அதை மாற்ற மூன்று வருடம் ஆனது, அதில் ஒரு வருடம் என் அவசரத்தால் வீணாய்ப் போனது.

முதல் வருடம் காசு வந்ததும், வருகிறவர்கள் கண்ணில் படுகிற வேலையைத்தான் செய்தேன். சுவரில் பளபளவென்று டைல்ஸ். அடுத்த ஐப்பசி மழையில் சிங்க் தண்ணீர் போகாமல் எதிர்த்துக்கொண்டு வந்தது. பார்த்தால், சுவருக்குள் போகும் பழைய குழாய் உடைந்து கிடக்கிறது. ஒட்டின டைல்ஸில் பாதியை உளி வைத்துத் தட்டி எடுத்தோம். கொத்தனார் சிரித்தார்: "பொட்டு வெச்சுக்கிட்டு அப்புறம் குளிக்கப் போன கதையாப் போச்சேம்மா."

அதனால் வேலையின் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்து போகிற வேலை முதலில், அதாவது சாக்கடை, தண்ணீர்க் குழாய், ஒயர். மேடை, சிங்க், தரை அதற்கு அப்புறம். டைல்ஸும் பூச்சும் அதற்கும் பின்னால். அலமாரி, கதவு, புகைபோக்கி எல்லாம் கடைசி, அவை இல்லாமலும் சமைக்கலாம். ஒவ்வொரு கட்டமும் முடியும்போது அடுப்படி சமைக்கிற நிலையில் இருக்க வேண்டும். அடுத்த காசு எப்போது வரும் என்று நமக்கே தெரியாது, பாதி உடைத்த சுவரோடு ஒரு வருடம் உட்கார்ந்திருக்க முடியாது.

காசே செலவாகாத கட்டம்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். சமைக்கும்போது எத்தனை தடவை எதற்காக நடக்கிறீர்கள், காய் நறுக்க எங்கே உட்காருகிறீர்கள், வடித்த கஞ்சியை எங்கே வைக்கிறீர்கள், பத்துப் பேருக்குச் சமைக்கும் நாளில் எது இடிக்கிறது. எங்கள் வீட்டில் என் நடையில் பாதி, தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போய் வருவதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒரு குழாய் வைத்ததில் கிடைத்த சுகம் பின்னால் வந்த கிரானைட்டில் கிடைக்கவில்லை.

அப்புறம் டேப்பை எடுத்து எல்லாவற்றையும் அளந்து ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். அறை, சன்னல், கதவு திறக்கும் பக்கம் மட்டுமில்லை, உள்ளே வைக்கப்போகும் சாமானையும் அளக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் தரையிலிருந்து அளந்து பாருங்கள். அதை விட்டுவிட்டு மேடை கட்டி, சிலிண்டர் உள்ளே போகிறது ஆனால் ரெகுலேட்டரைத் திருப்பக் கை போகவில்லை என்று முழித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அரிசி டிரம், பொங்கலுக்கும் திவசத்துக்கும் எடுக்கும் பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, கிரைண்டர், எல்லாவற்றுக்கும் அகலம் உயரம் எழுதிவிட்டு, சாக்பீஸால் தரையிலேயே மேடையை வரைந்து இரண்டு நாள் அந்தக் கோட்டை மதித்து நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கோடே சொல்லிவிடும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

நம்ம ஊரில் இதைப் பார்க்காமல் தொடங்கினால் ஆள் கிடைக்காது, காசும் சேராது. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வருவது தை, மாசியில். மழையும் நின்றிருக்கும், மண்ணும் இறுகத் தொடங்கியிருக்கும். பள்ளம் தோண்டும் வேலை, ஓடு மாற்றும் வேலை எல்லாவற்றையும் மாசியிலிருந்து சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் குறுவை நடவு தொடங்கிவிடும். அப்போது சித்தாளுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் வயலில்தான் இருப்பார்கள்.

ஆடியில் யாரும் புது வீடு தொடங்க மாட்டார்கள், அதனால் கொத்தனார்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். சின்ன வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னவரே ஆடியில் கூப்பிட்டால் வருவார். நாம் புதிதாக ஒன்றும் தொடங்கவில்லை, இருப்பதைச் சரிசெய்கிறோம், சாஸ்திரத்துக்கும் குறை இல்லை என்று அத்தையிடம் சொல்லித்தான் மேடை வேலையை ஆடியில் வைத்தேன். பெருக்கு அன்றைக்கு மட்டும் வேலை நிறுத்தம், ஆற்றங்கரைக்குப் போய் வந்து சித்ரான்னம் சாப்பிட்டோம். டைல்ஸ், மிக்ஸி வாங்கவும் ஆடித் தள்ளுபடி உதவும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரையோ கூரையையோ திறக்கவே திறக்காதீர்கள். பூச்சு காயாது, எம்-சாண்ட் (கல் உடைத்த மணல்) கொட்டின இடம் குளமாகும். அந்த இரண்டு மாதமும் மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தச் சுவர் ஈரம் ஏறுகிறது என்று பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள்.

முதல் கட்டம்: தண்ணீரும் சாக்கடையும்

தொடங்குவதற்கு முன் தற்காலிக அடுப்படி ஒன்று தயார் செய்யுங்கள். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, ஒற்றை அடுப்பு, இரண்டு குடம், பாத்திரம் கழுவக் கொல்லை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் அடுப்பு, பக்கத்தில் சிலிண்டர் என்று வைக்காதீர்கள். ஒரு வாரம் என்று கொத்தனார் சொன்னால் இரண்டு வாரத்துக்குத் திட்டமிடுங்கள்.

டெல்டாவின் களிமண் கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். வயலுக்கு அது நல்ல மண், குழாய்க்கு எமன். வீட்டுச் சுவர் ஒரு பக்கம் நிற்க, வெளியே மண் ஏறி இறங்க, இரண்டும் சேரும் இடத்தில்தான் குழாய் ஒடியும். எங்கள் குழாய் ஒடிந்ததும் சரியாக அங்கேதான். எனவே சுவரைத் தாண்டும் இடத்தில் குழாயைச் சிமெண்ட் வைத்து இறுக்கிப் பூசக் கூடாது. அதைவிடப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் பதித்து, அதற்குள் சாக்கடைக் குழாயை விட்டால் கொஞ்சம் அசைய இடம் இருக்கும். வெளியே பள்ளத்தில் முதலில் மணல் பரப்பி, குழாயை அதன் மேல் படுக்க வைத்து, மறுபடி மணல் போட்டு மூட வேண்டும்.

குழாய் 3 அங்குலம் போதும். 4 அடிக்கு 1 அங்குலம் இறக்கம் கொடுத்தால் தண்ணீரும் போகும், பருக்கையும் போகும். குழாய் திரும்பும் இடத்தில், செங்கோணமாக மடங்கும் எல்போவுக்குப் பதிலாகப் பாதி மடங்கும் எல்போ இரண்டு போட்டால் அடைப்பு குறையும். வெளியே முதல் திருப்பத்தில் மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று கட்டுங்கள், அடைத்தால் அங்கே திறந்து குச்சி விட்டுக்கொள்ளலாம். கடைசி வாயில் கம்பி வலை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பெருச்சாளி அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும்.

தண்ணீரைச் சுவரோரம் விடக் கூடாது. ஒரு பக்கம் எப்போதும் ஈரம், மறுபக்கம் காய்ச்சல் என்றால் களிமண் ஒரு பக்கம் மட்டும் உப்பிச் சுவரில் சாய்ந்த விரிசல் விடும். அஸ்திவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள். எங்கள் கொல்லையில் நான்கு கட்டை பூவன், அடுப்படித் தண்ணீரிலேயே தார் போடுகிறது. வடித்த எண்ணெயை மட்டும் அதில் ஊற்றாதீர்கள்.

உள்ளே வரும் குழாய் பதித்ததும் எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் எங்கும் கசியவில்லை என்றால்தான் பூச வேண்டும். பூசுவதற்கு முன் சுவரில் டேப்பை நீட்டிப் பிடித்து, குழாய் போகும் இடம் அளவோடு தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அலமாரிக்கு டிரில் போட வரும் ஆசாரி அந்தப் படத்தைத்தான் கேட்பார்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில், அந்தத் தண்ணீரில் சிமெண்ட் கலக்காதீர்கள், பின்னால் சுவரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும். கலவைக்கும், கட்டின பிறகு நனைக்கவும் நல்ல தண்ணீர் டிரம்மில் பிடித்து வையுங்கள். பழைய வீட்டில் சுண்ணாம்புக் காரைச் சுவர் இருந்தால், உதிர்ந்த இடத்தை மறுபடி சுண்ணாம்பிலேயே பூசும் ஆள் கிடைக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். மேலே கனமாகச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும்.

இரண்டாம் கட்டம்: ஒயரிங், வெளிச்சம், காற்று

முதல் கட்டத்தோடு சேர்த்தே செய்ய முடிந்தால் நல்லது, சுவரை ஒரு தடவைதான் வெட்ட வேண்டியிருக்கும். காசு பற்றாவிட்டால் குழாய்க்குச் சுவர் வெட்டும்போதே ஒயருக்கான காலிப் பைப்பைப் பதித்துவிடுங்கள், ஒயர் பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். மேடைக்கு மேல் குறைந்தது ஒரு 16 ஆம்பியர் பிளக், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தாமிர ஒயர், அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் தனியாக ஒன்று. பிரிட்ஜுக்கு வேறு பிளக். மிக்ஸி, கிரைண்டருக்கு இரண்டு. எல்லாமே மேடையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிங்க் குழாயிலிருந்து தள்ளி. எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிற இடம் இது, இங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள்.

விளக்கை அறை நடுவில் மாட்டினால் நம் நிழல் நறுக்குகிற காயின் மேலேயே விழும். மேடைக்கு நேர் மேலே, நமக்கு முன்னால் வருகிற மாதிரி எல்இடி குழல் விளக்கு ஒன்று போதும். பகல் வெளிச்சத்துக்கு ஓட்டு வீட்டில் ஒரு சுலபமான வழி உண்டு. நாலைந்து ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு செருகச் சொல்லுங்கள். நாங்கள் செய்த வேலைகளிலேயே செலவு குறைந்ததும், பார்க்க வந்தவர்கள் முதலில் கவனித்ததும் அதுதான்.

மின்சாரப் புகைபோக்கி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அடுப்புக்கு மேலே சுவரின் உயரத்தில் 9 அங்குல எக்ஸாஸ்ட் மின்விசிறி ஒன்று, எதிர்ப்பக்கம் சன்னல் திறந்திருந்தால் தாளிக்கிற புகை வெளியே போய்விடும். ஆனால் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சுவரின் அடியிலும் வெளியே திறக்கும் ஒரு துவாரம், வலை அடித்து, இருக்க வேண்டும்.

மூன்றாம் கட்டம்: மேடை

பெரிய செலவும் பெரிய பலனும் இதில்தான்.

உயரம் வழக்கமாக 32 முதல் 34 அங்குலம் என்று கொத்தனார் ஒரு கணக்கு வைத்திருப்பார். அதைக் கேட்காதீர்கள். யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவர் முழங்கையை மடக்கி நின்று, முழங்கையிலிருந்து 4 அங்குலம் கீழே குறி போட்டால் அதுதான் உயரம். அடுப்பே நாலைந்து அங்குலம் உயரம், அதன் மேல் பாத்திரம் என்றால் குட்டையானவர்கள் சாம்பாரைக் கிளற எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் 4 அங்குலம் இறக்கிக் கட்டச் சொன்னேன். கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை, "லெவல் போயிடும்மா" என்றார். சமைக்கிறது நான்தானே அண்ணே என்றேன். அகலம் 2 அடி போதும், அதற்கு மேல் போனால் சுவர்ப் பக்கம் கை எட்டாது. இறக்கும்போது சிலிண்டர் உயரத்தை மறந்துவிடாதீர்கள், அது மேடைக்கடியில் அந்தப் பகுதிக்குப் பக்கத்துத் தடுப்பறையில் நிற்கட்டும்.

தாங்குவதற்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர்கள், அவற்றின் மேல் கடப்பா, அதன் மேல் கிரானைட். சுவர்களுக்கு இடையே சிலிண்டருக்கு ஒன்றரை அடி, மற்ற இடங்கள் உங்கள் அண்டாவும் டிரம்மும் சொல்கிற அளவு. கடப்பாவையே மேலும் போட்டுவிடலாமே, விலை குறைவுதானே என்று தோன்றும். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை, மோர் பட்டால் அரித்து வெளுத்த தழும்பு விழும், நம் சமையலில் இந்த மூன்றும் இல்லாத நாள் ஏது. எனவே மேலே கிரானைட், கீழே தட்டுகளுக்குக் கடப்பா. கிரானைட்டும் முழுப் பலகையாக வாங்க வேண்டியதில்லை. பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய துண்டுகளைக் கடைக்காரர்கள் பின்னால் ஓரமாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நம் அளவை நோட்டில் எழுதிக்கொண்டு போய், கீழே வைத்துத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் காயாமல் நிற்கும். கல்லின் விலை ஒன்று, சிங்க்குக்கு ஓட்டை போடுவதற்கும் ஓரத்தை உருட்டி மெருகேற்றுவதற்கும் கூலி வேறு. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சிங்க்கும் அடுப்பும் ஒட்டி வர வேண்டாம். வாஸ்து பார்ப்பவர்களும் தண்ணீரும் நெருப்பும் சேரக்கூடாது என்பார்கள். எனக்கு அது தெரியாது, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெறிக்கும் என்பது தெரியும். நடுவில் 2 அடியாவது காய் நறுக்க இடம் விடுங்கள். சிங்க் 304 தரத்து எவர்சில்வரில், 8 அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில் எடுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் மட்டமான தகடு சீக்கிரமே புள்ளி விழும். கேஸ் டியூப் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு டியூப், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவரைத் துளைத்துக்கொண்டு போகக் கூடாது, 5 வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அதற்கேற்ற தூரத்தில் சிலிண்டர் அறையை வையுங்கள், அதற்குக் கதவு போட்டால் அடியில் காற்றோட்டத் துளை வேண்டும்.

கிரைண்டருக்கு மேடை மேல் இடம் தேடாதீர்கள், தினமும் யார் தூக்குவது. மூலையில் ஓர் அடி உயரத்தில் சின்னத் திண்ணை கட்டினோம், அதில் கிரைண்டர் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. அம்மி கொல்லையில் இருக்கிறது, விறகடுப்பும் அங்கேதான். அதை இடித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அத்தை விடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கீழ்த்தஞ்சைப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நினைத்தால் அவர் சொன்னது சரிதான்.

கட்டின பிறகு ஒரு வாரம் நனைக்க வேண்டும், சித்திரை வெயிலில் என்றால் நாளுக்கு மூன்று வேளை. பழைய காவித் தரை உறுதியாக இருந்தால் உடைக்காதீர்கள், வெடித்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டுக் காவி கலந்து தேய்த்தால் இன்னும் பல வருடம் வரும்.

மிச்ச வேலைகள்

டைல்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேடைக்கு மேல் 2 அடி உயரம் ஒட்டினால் போதும். 12 அடி நீளச் சுவர் என்றால் 24 சதுர அடி, சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த தடவை போனால் அதே நிறம் வராது. எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் இடுக்குகளை அடைக்க, அடுப்புக்குப் பின்னால் மட்டும் எபாக்ஸி என்கிற பிசின் கலவை, மற்ற இடத்துக்கு வெள்ளைச் சிமெண்ட். தரைக்கு வழவழப்பில்லாத டைல்ஸ்.

அலமாரிக் கதவில்தான் எல்லோருக்கும் காசு கரைகிறது. ஈரமும் கரையானும் சேர்ந்த ஊரில் மலிவான பலகை இரண்டு மழைக்குத் தாங்காது. ப்ளைவுட்டுதான் வேண்டும் என்றால் ஐஎஸ் 710 என்று முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள், வாங்க முடியாவிட்டால் கடப்பாத் தட்டுகளைத் திறந்தே விட்டுவிட்டு அடுத்த தவணைக்குக் காத்திருங்கள். அலுமினியச் சட்டம் போட்ட கதவு கரையானுக்குத் தப்பும். எங்கள் வீட்டில் இப்போது அத்தையின் பழைய சுங்குடிச் சேலையை வெட்டித் தைத்த திரைதான் தொங்குகிறது. வாரம் ஒரு தடவை துவைத்துப் போடுகிறேன்.

ஆட்களிடம் பேசும்போது பழைய வீட்டில் உடைக்கிற வேலை, குழாய் வேலைக்கு நாள் கூலியும், டைல்ஸுக்குச் சதுர அடிக் கணக்கும் சரியாக வரும். உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஒப்பந்தம் பேசினால் ஒருவருக்கு நஷ்டம், நஷ்டப்பட்டவர் வேலையில் காட்டுவார். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், சனிக்கிழமைதோறும் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டிக் கொடுங்கள். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வேலை பேசுங்கள், சுவருக்குள்ளிருந்து ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். வளையலை வங்கியில் வைத்துச் சாக்கடை சரிசெய்தால் தப்பில்லை, டைல்ஸுக்காக வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸில் ஐந்தாறு, குழாய்த் துண்டு ஒன்று, பாதி டப்பா பெயிண்ட், எல்லா பில்லும், அந்த நோட்டும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவையுங்கள். எங்கள் சாக்கில் முதல் வருடம் தட்டி எடுத்த டைல்ஸும் கொஞ்சம் கிடக்கிறது, உடையாமல் வந்தவற்றைக் கொல்லைத் துவைக்கிற கல்லைச் சுற்றிப் பதித்துவிட்டோம்.